உங்கள் கைக்கு எத்தனை மில்லிமீற்றர் மணிக்கூடு?

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கனடா மாமா எனக்கு ஒரு மணிக்கூடு கொண்டுவந்தார். கறுப்பு முகம், அதற்குள் மூன்று குட்டி வட்டங்கள், உருக்குச் செயின். பெட்டியோடு தூக்கினால் அரைச் செங்கல் பாரம். கட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, சுவர் மணிக்கூட்டைக் கழட்டிக் கையில கட்டியிருக்கிறாய்?" என்றார்.

அது 47 மில்லிமீற்றர். என் மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்ரிமீற்றர். இந்த இரண்டு எண்ணும் சேராது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, கழிவு விலையில் கண்டவுடன் வாங்கிய மாமாவுக்கும் தெரியாது. அவரது மனம் நோகக்கூடாது என்று இரண்டு கிழமை கட்டினேன். சைக்கிள் காண்டிலைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த முறுக்குகிற குமிழ் புறங்கையில் குத்திக் குத்தி ஒரு சிவப்பு வட்டமே வந்துவிட்டது. மாமா விமானம் ஏறிய மறுநாள் அது அலுமாரிக்குள் போய்விட்டது. அப்புறம் லாச்சியைக் கிளறியபோது அப்பப்பாவின் பழைய சுவிஸ் மணிக்கூடு அகப்பட்டது. முறுக்கினால் ஓடுகிற வகை. கட்டினேன், கையோடு பிறந்தது போல இருந்தது. அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், 34.

அதற்குப் பிறகுதான் இந்த அளவு விசயத்தை ஒழுங்காகப் படித்தேன். அதற்குள் இணையத்தில் படம் பார்த்து வாங்கிய இன்னொன்றும் பிழைத்துவிட்டது, அந்தக் கதை வேண்டாம். பெரிய மணிக்கூடு கூடாது என்று சொல்ல வரவில்லை, பெரிய கை உள்ளவருக்கு அது வடிவாகத்தான் இருக்கும். பெட்டியில் போட்டிருக்கிற ஒற்றை எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கதை.

முதலில் கை

வீட்டில் தையல் ரேப் இருந்தால் அதை மணிக்கட்டைச் சுற்றிப் பிடியுங்கள். சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு இருக்கிறதல்லவா, அதன் மேலே அளக்கக்கூடாது. அந்த எலும்புக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாக, நீங்கள் வழக்கமாக மணிக்கூடு கட்டுகிற இடத்தில் அளக்க வேண்டும். இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். ரேப் இல்லையென்றால் ஏ4 தாள் ஒன்றின் குறுகிய பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டுங்கள். அதன் நீளம் சரியாக 210 மில்லிமீற்றர். கையைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் பேனையால் கோடு போட்டு, விரித்து அளந்தால் முடிந்தது. அடிமட்டமும் இல்லாத வீடு என்றால் வங்கி அட்டையை எடுங்கள். எந்த வங்கியின் அட்டையாக இருந்தாலும் நீளம் 85.6, அகலம் 54 மில்லிமீற்றர்தான். தாள் ஏறி நிற்கிற பகுதி அட்டையின் அகலத்துக்கு வந்தால் உங்கள் சுற்றளவு ஏறக்குறைய 15½ சென்ரிமீற்றர்.

கனபேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சுற்றளவு பாதிக் கதைதான். இரண்டு பேருக்கு ஒரே 16½ இருக்கும், ஒருவரது கை பலகை மாதிரித் தட்டையாக இருக்கும், மற்றவரது கை உலக்கை மாதிரி உருண்டையாக இருக்கும். தட்டைக் கைக்காரர் கட்டுகிற மணிக்கூட்டை உருண்டைக் கைக்காரர் கட்டினால் இரண்டு பக்கமும் இறக்கை விரித்து நிற்கும். ஆகவே இன்னொரு அளவு எடுக்க வேண்டும். கையை மேசையில் வைத்து, புறங்கைப் பக்கம் மேலே தெரிய, அடிமட்டத்தை மணிக்கட்டுக்குக் குறுக்கே வையுங்கள். கை வளைந்து கீழே இறங்கத் தொடங்குகிற ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரை எவ்வளவு என்று பாருங்கள். இதைத்தான் நான் தட்டை என்று சொல்கிறேன். எனக்கு 49 மில்லிமீற்றர். வங்கி அட்டையின் அகலத்தைக் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நிற்கும். உங்களுக்கும் அப்படி நின்றால் பெரிய மணிக்கூடுகளைப் பார்க்கிறபோது கொஞ்சம் அவதானம் தேவை.

காதுக்குக் காது

மணிக்கூடு என்ற சொல்லுக்குள்ளேயே கூடு இருக்கிறது, அந்தக் கூட்டின் குறுக்களவைத்தான் பெட்டியில் 40, 42, 44 என்று போடுகிறார்கள். பெரும்பாலும் குமிழைச் சேர்க்காமல் அளந்த விட்டம். இந்த எண் உங்கள் கையின் நீளப்பாட்டுக்கு, அதாவது முழங்கையிலிருந்து விரலுக்குப் போகிற திசைக்கு, உரியது. அந்தத் திசையில் இடம் தாராளமாக இருக்கிறது, அங்கே யாருக்கும் பிரச்சினை வருவதில்லை. பிரச்சினை குறுக்கே. பட்டி கொழுவுவதற்காகக் கூட்டின் மேலும் கீழும் இரண்டிரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேல் காதின் நுனியிலிருந்து கீழ்க் காதின் நுனி வரை உள்ள நீளம்தான் உங்கள் கையைக் குறுக்கே கடக்கிறது. அந்த நீளம் உங்கள் தட்டையைத் தாண்டினால் காது அந்தரத்தில் நிற்கும், காதுக்கும் தோலுக்கும் இடையில் இடைவெளி விழும், பட்டி நேராகக் கீழே தொங்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இரவல் வாங்கிக் கட்டியது போலத் தெரியும்.

அந்த எண்ணைப் பெட்டியில் போடமாட்டார்கள். கடைக்காரரைக் கேட்டாலும் தெரியாது என்பார், அவரே அடிமட்டம் தருவார், அளந்துகொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் காப்பு வாங்கும்போது அளவு போட்டுப் பார்க்காமல் யாராவது வாங்குகிறார்களா?

ஒரு உதாரணம் சொல்கிறேன். சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 என்று ஒரு சுழியோடிகள் மணிக்கூடு, 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2019 வரை வந்தது, பழையது இன்றைக்கும் கைமாறுகிறது. விட்டம் 42.5. எண்ணைக் கேட்டால் என் கைக்குப் பெரிது என்றுதான் சொல்வேன். ஆனால் காதுக்குக் காது 46தான், காதுகளும் கட்டையாகக் கீழே வளைந்திருக்கும். என் 49க்குள் அடங்கிவிடுகிறது. அதே நேரம் 40 என்று போட்டுக்கொண்டு, காது நீண்டு, வளையாமல் நேராக 50க்குப் போகிற மணிக்கூடுகளும் சந்தையில் இருக்கின்றன. 40 சின்னதுதானே என்று வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டியதும் இப்படித்தான்.

கணக்கு இதுதான்: காதுக்குக் காது நீளம் உங்கள் தட்டையை விட இரண்டு மூன்று மில்லிமீற்றராவது குறைய இருக்க வேண்டும். எனக்கு 49 என்றால் 46, 47ஐத் தாண்டமாட்டேன். கீழே எவ்வளவுக்குப் போகலாம் என்பது ரசனை, 40க்குப் போனாலும் கெட்டுப்போகாது.

விட்டத்துக்கும் ஒரு கண்மதிப்பு வேண்டும் என்பவர்களுக்கு: சுற்றளவு 15 முதல் 16 சென்ரிமீற்றர் வரை என்றால் 34 முதல் 38 வரைக்குள் பாருங்கள், 16 முதல் 17 வரை 36 முதல் 40, பதினேழும் தாண்டியவர்கள் 38 முதல் 42, பதினெட்டுக்கு மேலே போனவர்கள் 44 கட்டினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இது வேதவாக்கில்லை. தட்டையும் காதும் சேர்ந்தால் இந்த எல்லைகளை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மீறலாம்.

கனபேர் என்னிடம் கேட்கிற ஒரு கேள்வி, 36 ஆம்பிளைக்குச் சின்னதில்லையா? அப்பப்பாக்களின் காலத்தில் ஆண்களின் மணிக்கூடு 33இலிருந்து 36க்குள்தான் இருந்தது. அவர்கள் ஒருவரும் அதைப் பெண்களின் மணிக்கூடு என்று நினைக்கவில்லை. பெரிய மணிக்கூடு முன்பும் இருந்தது, ஆனால் அதற்கு வேலை வேறு: இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்களில் வழி கணிக்கிறவர்களுக்குக் கொடுத்த மணிக்கூடு 55 மில்லிமீற்றர், தடித்த குளிர்ச் சட்டையின் கைக்கு மேலே கட்டுவதற்கென்று செய்தது. இத்தாலியக் கடற்படைச் சுழியோடிகளின் பனராய் 47, அதுவும் சுழியோடுகிற உடுப்புக்கு மேலே. அந்த அளவுகள் 2000க்குப் பிறகு நாகரிகமாகி வெறுங்கைக்கு வந்தன. இப்போது திரும்பிப் போகிறது. ரொலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 36ஆக இருந்ததை 2010இல் 39 ஆக்கினார்கள், 2021இல் மறுபடி 36க்கே கொண்டுவந்தார்கள். ரொலெக்ஸ் நானும் வாங்கப் போவதில்லை, நீங்களும் வாங்கப் போவதில்லை, ஆனாலும் மாமா கடையில் கண்டது எந்தக் காலத்து அளவு என்று இதில் விளங்கும். தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய மணிக்கூடு யாழ்ப்பாணத்தில் ஒன்று இருக்கிறது, பொது நூலகத்துக்குக் கிட்ட, கோபுரத்தின் உச்சியில். அதைக் கையில் கட்டத் தேவையில்லை.

கண் ஏமாறுகிற இடங்கள்

ஒரே 40 மில்லிமீற்றர்தான், ஒன்று பெரிதாகத் தெரியும், ஒன்று சின்னதாகத் தெரியும். முகத்தைச் சுற்றி உருளுகிற தடித்த வளையம் உள்ள சுழியோடிகள் வகையில் முகம் சுருங்கிவிடுகிறது, ஆகவே 42கூட அடக்கமாகத் தெரியும். ஓரமே இல்லாமல் முழுக்க முகமாக இருக்கிற மெல்லிய வகையில் 38கூட அகன்று தெரியும். வெள்ளை முகம் கறுப்பு முகத்தைவிடப் பெரிதாகத் தோன்றும். மெலிந்த கைக்காரருக்கு வெள்ளை முகம் பிடித்திருந்தால் ஒரு அளவு குறைத்து வாங்குங்கள்.

சதுர மணிக்கூட்டை வட்டத்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஒரே அகலமுள்ள சதுரம் வட்டத்தைவிடக் கால்பங்குக்கும் மேலே கூடுதல் இடம் பிடிக்கும், மூலை நான்கும் இருக்கிறதே. ரியூசன் போகிற காலத்தில் நம்மில் பாதிப்பேரின் கையில் இருந்த கஸியோ எஃப்-91டபிள்யூ நீளம் 38.2, அகலம் 35.2, தடிப்பு 8.5, பாரம் 21 கிராம். 1989இலிருந்து அதே உருவத்தில் வருகிறது. பத்து வயதுப் பிள்ளையின் கையிலும் நிற்கும், பெரியவர் கையிலும் நிற்கும். காசு குறைவு என்பதால் அதை மதிக்காமல் விட்டோம், அளவு என்று பார்த்தால் இன்றைக்கும் அதை அடிக்க ஆளில்லை.

கஸியோவின் அடி தாங்குகிற ஜி-ஷொக் விசயத்தில் நான் சொன்ன கணக்குக் கொஞ்சம் குழம்பும். அதற்குக் காது என்று தனியாக இல்லை, பட்டியே கூட்டிலிருந்து விறைப்பாக இறங்குகிறது. எண்கோண வடிவில் வருகிற ஜிஏ-2100இன் அகலம் 45.4, நீளம் 48.5 என்று கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் தடிப்பு 11.8தான், பாரம் 51 கிராம், 16½ சென்ரிமீற்றர் கைக்கும் பரவாயில்லை. அதே ஜி-ஷொக்கில் ஜிஏ-100 என்பது அகலம் 51.2, நீளம் 55, தடிப்பு 16.9. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் அதைக் கட்டிக்கொண்டு கிரிக்கெற் ஆடுகிறான். அவனுக்குப் பிடித்திருக்கிறது, சரி, விடுவோம். அந்த வகையை அளவுக்காக வாங்குவதில்லை.

செயினும் கூடும் ஒன்றாக வார்த்தது போல வருகிற மணிக்கூடுகள், டிசோ பிஆர்எக்ஸ் மாதிரி, இன்னொரு பொறி. செயினின் முதல் கண்ணி மடங்காமல் நேராக நீட்டிக்கொண்டு நிற்பதால் உண்மையில் கையைக் கடக்கிற நீளம் கூட்டின் நீளத்தைவிட ஐந்தாறு மில்லிமீற்றர் கூடும். சாதாரண செயினிலும் சிலவற்றில் இது இருக்கும். ஆகவே செயின் மடங்கத் தொடங்குகிற இடத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். பிஆர்எக்ஸில் 40 பெரிதாகிப்போனால் 35 என்று ஒரு அளவு இருக்கிறது, ஆண்களும் அதைக் கட்டுகிறார்கள்.

அப்பிள் வோச்சில் 42, 46 என்று சொல்வது விட்டமும் இல்லை, அகலமும் இல்லை, உயரம். காது கிடையாது என்பதால் அந்த உயரமே ஏறக்குறைய காதுக்குக் காது நீளம். அப்படிப் பார்த்தால் 46 என் கைக்கும் சேரும், 49 மில்லிமீற்றர் அல்ட்ரா என் தட்டையின் விளிம்பில் நிற்கும். மற்றக் கொம்பனிகளின் வட்ட ஸ்மார்ட் வோச்சுகளில் விட்டத்தைச் சொல்வார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தடிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 10 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் கட்டியிருப்பதே மறந்துபோகும், 13க்கு மேலே என்றால் படலைக் கொழுக்கி, கதவு நிலை, பஸ் கம்பி எல்லாம் அதைத் தேடி வந்து இடிக்கும். முழுக்கைச் சேட் போட்டு வேலைக்குப் போகிறவர்கள் சேட்டின் கைப்பட்டியைப் பூட்டிக்கொண்டு ஒருக்காப் போட்டுப் பாருங்கள். தடித்த மணிக்கூடு மெலிந்த கையில் உருண்டு உருண்டு பக்கத்துக்கு வரும், அதுதான் பெரிய தொல்லை.

கடையில் நின்றுகொண்டு

கடையில் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று: கட்டியவுடன் கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது. அவ்வளவு கிட்டத்தில் எந்த மணிக்கூடும் பெரிதாகத்தான் தெரியும். உங்கள் மணிக்கூட்டை மற்றவர்கள் பார்ப்பது இரண்டு மீற்றர் தள்ளி நின்று. கடையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் அதன் முன்னால் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள், இல்லையென்றால் கூட வந்தவரைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். போனில் கிட்ட வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் தங்கச்சிக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்காதீர்கள். போன் கமெரா கிட்ட இருப்பதை ஊதிக் காட்டும், 38 போய் 44 மாதிரி இருக்கும். கண்ணாடியில் தெரிகிற முழு உருவத்தைப் படம் எடுத்து அனுப்பினால் சரி.

பிறகு கையை மேல்நோக்கி மடக்குங்கள், சைக்கிள் காண்டிலைத் தள்ளுவது போல, நிலத்தில் கை ஊன்றி எழும்புவது போல. குமிழ் குத்துகிறதா? குத்தினால் வேறு பாருங்கள், அது பழகிப்போகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடுத்து கையைக் கண் மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்து, காதின் நுனிக்கும் தோலுக்கும் இடையால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். செயின் மணிக்கூடுகளைக் கடையில் வளையல் மாதிரித் தொளதொளவென்றுதான் தருவார்கள். கண்ணி கழற்றாமல் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அடியில் மிச்சத்தை இரண்டு விரலால் பிடித்து இறுக்கிக்கொண்டு பாருங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு நான் இப்போது செய்கிற வேலையைச் சொல்கிறேன். பழைய கொப்பி மட்டையில் கூட்டின் விட்டத்துக்கு ஒரு வட்டம் கீறி, மேலும் கீழும் காதுகளைக் கீறி, காதுக்குக் காது நீளம் சரியாக வருகிற மாதிரி வெட்டி எடுங்கள். வீட்டில் உள்ள ஏதாவது பழைய பட்டியில் அதை ஒட்டிக் கையில் கட்டிக்கொண்டு அரை நாள் திரியுங்கள். வீட்டுக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காசு உங்களுடையது. தடிப்பு இதில் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் என் வீட்டில் இந்த மட்டை மணிக்கூடு ஏற்கெனவே இரண்டு பெரிய செலவைத் தடுத்திருக்கிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ளவருக்கு வாங்குகிறவர்களும், கலியாணத்துக்கு மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் வாங்குகிறவர்களும் இன்னொரு வழி பார்க்கலாம். அவரது பழைய தோல் பட்டியில் வழக்கமாகப் பூட்டுகிற துளை விரிந்து நைந்து காட்டிக்கொடுக்கும். பூட்டின் ஊசி இருக்கிற இடத்திலிருந்து அந்தத் துளை வரை, நடுவில் கூட்டையும் சேர்த்து, பட்டியை நேராக விரித்து அளந்தால் அவரது சுற்றளவுக்கு அண்ணளவாக வந்துவிடும், அரைச் சென்ரிமீற்றர் கூடக் காட்டும், அதைக் கழித்துவிடுங்கள். வீட்டில் யாராவது ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை.

பெண்களுக்குத் தனிக் கணக்கு ஒன்றும் கிடையாது, கையை அளக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கென்று 24, 26 என்று சின்னஞ்சிறிதாக வருகிறவற்றில் நேரம் தெரியவே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. 14½, 15 சென்ரிமீற்றர் கையில் 30 முதல் 34 வரை தாராளமாக நிற்கும். முகத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டுகிற பழக்கம் உள்ளவர்கள், நான் படித்த பள்ளிக்கூடத்தில் பாதி ரீச்சர்மார் அப்படித்தான் கட்டுவார்கள், தட்டையை அந்தப் பக்கத்தில் அளந்துகொள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. தங்கக் காப்புப் போடுகிற கையில் உருக்கு மணிக்கூடு வேண்டாம். உருக்குத் தங்கத்தைக் கீறும், கீறல் விழுகிறது காப்பில்தான்.

வயது போனவர்களுக்கு வாங்குவதென்றால், எழுத்துத் தெரிய வேண்டும் என்று 46க்குத் தாவாதீர்கள். முகம் பெரிது என்பதும் எழுத்துத் தெளிவு என்பதும் ஒன்றில்லை. ஓரம் மெலிந்து, எண்கள் தெளிவாக எழுதிய, முள் தடித்த ஒரு 37, 38 போதும். சீக்கோ 5இல் எஸ்என்கே809 என்ற 37 மில்லிமீற்றர் மணிக்கூடு அதற்கு நல்ல உதாரணம், கறுப்பு முகத்தில் வெள்ளை எண்கள், கண்ணாடி போடாமலே அப்பா நேரம் சொல்கிறார்.

பட்டி

கூடு சரியாக இருந்தும் பட்டியால் கெடுகிறது உண்டு. காதுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் பட்டியின் அகலம். 36க்கு 18, 40க்கு 20, 44க்கு 22 என்பது பொதுவாகக் கண்ணுக்குப் பொருந்தும், விட்டத்தில் பாதி என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டி வாங்கும்போது அந்த இடைவெளியை மில்லிமீற்றர் கணக்கில் அளந்துகொண்டு போங்கள், 19ம் இருக்கிறது, 20 பட்டியை அதற்குள் நசித்துச் செருகினால் ஓரம் மடிந்துவிடும்.

தோல் பட்டிகளின் நீளம் ஓரளவு கொழுத்த கைக்கென்றே வருகிறது. மெலிந்த கையில் கடைசித் துளைக்குப் போய், மிச்ச வால் கையைச் சுற்றி மறுபக்கம் எட்டிப்பார்க்கும். கட்டையான பட்டி கேட்டு வாங்கலாம், அல்லது துளை போட்டுக்கொள்ளலாம். துளையைக் கடையில் போடச் சொல்லுங்கள். வீட்டில் ஆணியைச் சுடவைத்துப் போடாதீர்கள், நான் போட்டு ஒரு நல்ல பட்டியைக் கருக்கினேன். நம்மூர் வெயிலுக்கும் வியர்வைக்கும் தோல் பட்டி ஒரு வருடம் தாண்டுவதே பெரிய விசயம், சித்திரை வைகாசியில் நாற்றமே வரும். நாளாந்தம் கட்டுவதற்கு ரப்பரோ நைலோனோ போட்டுவிட்டுத் தோலைக் கலியாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் அடியால் ஓடுகிற ஒற்றை நைலோன் பட்டியில் ஒரு சங்கதி: அது மணிக்கூட்டை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மேலே தூக்கிவிடும். ஏற்கெனவே 13 தடிப்பு என்றால் அது வேண்டாம்.

செயினில் கண்ணி கழற்றும்போது பூட்டின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கழற்றச் சொல்லுங்கள், ஒரே பக்கத்தில் மூன்று நான்கு என்று உருவிவிட்டால் பூட்டு நடுவில் நிற்காமல் பக்கத்துக்கு ஏறிவிடும். கழற்றியவற்றை மறக்காமல் வாங்கிக்கொண்டு வாருங்கள், உடம்பு வைத்தால் தேவைப்படும். அளவை மத்தியானத்துக்குப் பிறகு எடுங்கள். காலையில் கை வற்றியிருக்கும், வெயில் ஏறினால் கொஞ்சம் ஊதும், காலையில் கச்சிதமாக வெட்டிய செயின் இரண்டு மணிக்குக் கையைப் பிடிக்கும். பூட்டிய பிறகு சுண்டுவிரல் நுனி உள்ளே போய் வர வேண்டும், அதற்கு மேலே இடம் வேண்டாம். பூட்டின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது, ஊசியை ஒரு துளை மாற்றினால் கண்ணி கழற்றாமலே இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூட்டிக் குறைக்கலாம்.

மாமா தந்த அந்த 47 இப்போது என் மச்சானிடம் இருக்கிறது. அவனுக்கு 18½ சென்ரிமீற்றர் கை, அவன் கட்டினால் எனக்கே ஆசையாக இருக்கிறது. அப்பப்பாவின் 34ஐ, ரிப்பெயர்காரரிடம் கொடுத்துக் கழுவி எண்ணெய் விட்டு எடுத்து வந்த அன்றே, தங்கச்சி பறித்துக்கொண்டாள். அவளுக்கு 15. பொருந்துகிறது என்பதால் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. இந்த வருடம் வெளிக்கிட முன்னம் மாமா போன் எடுத்து என்ன கொண்டுவர என்று கேட்டார். சுற்றளவு 16 சென்ரிமீற்றர், தட்டை 49, விட்டம் 36 இல்லாவிட்டால் 38, காதுக்குக் காது 46க்கு மேலே வேண்டாம், தடிப்பு 11க்குள், பட்டி கட்டை என்று எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வரி வந்தது: "தம்பி, சப்பாத்து வாங்கிறன், கால் அளவை மட்டும் அனுப்பு."